அமெரிக்கக் கல்லூரி ஓட்ட அணிகள்: வெளிநாட்டு வீரர்களை ஏன் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள்

புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடலாம். அவர்களில் முதலில் வந்து சேரும் ஐந்து பேரின் இட எண்களைக் கூட்டுவார்கள். முதலிடத்துக்கு 1 புள்ளி, நாற்பதாவது இடத்துக்கு 40 புள்ளி. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கே வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆட்களின் எண்கள் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்திவிட்டால் அந்த அணியின் கூட்டுத்தொகை ஏறும். ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே போக முடியாது.

இந்தக் கணக்கு புரிந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கோச் ஒருவர் கென்யாவிலும் அயர்லாந்திலும் எதைத் தேடுகிறார் என்பது பாதி புரிந்துவிடும். ஓர் அணியின் ஐவர் 1, 12, 20, 41, 96 ஆகிய இடங்களில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 170. இந்த அணியின் இரண்டாவது ஆள் சாம்பியன் அளவுக்கு வேகம் பெற்றாலும் மேல்முனையில் மிஞ்சுவது சில புள்ளிகள்தான். தொண்ணூற்றாறாவது இடத்தில் வருபவருக்குப் பதிலாக முப்பதாவது இடத்தில் வரக்கூடிய ஒருவர் கிடைத்தால் ஏறத்தாழ 65 புள்ளி ஒரே நாளில் குறையும். அதனால்தான் சில ஆண்டுகளில் 5,000 மீட்டரை 13:30இல் (13 நிமிடம் 30 நொடி) ஓடும் வீரரை விட்டுவிட்டு, 14:00இல் ஓடும், காயமில்லாத, படிப்பில் சிக்கல் இல்லாத ஒருவரைக் கோச் தேர்ந்தெடுக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விநோதமாகத் தெரியும். உங்கள் நேரம் எவ்வளவு என்பதைவிட, அந்த அணியில் எந்த ஓட்டை இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. இப்படி ஓர் அணியில் சேர விரும்பினால், கோச்சுக்குக் கடிதம் எழுதுமுன் அந்தக் கல்லூரியின் கடந்த ஆண்டு முடிவுகளை எடுத்து நான்காவது, ஐந்தாவது ஆட்கள் எங்கே வந்தார்கள் என்று பாருங்கள். அவர்களில் யார் பட்டம் முடித்து வெளியேறுகிறார்கள் என்றும் பாருங்கள்.

இந்தப் போட்டிகளை நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. அதில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் விளையாட்டுக்கான உதவித்தொகை தரலாம், மூன்றாம் பிரிவில் தரக்கூடாது. முதல் பிரிவின் தேசியக் கிராஸ் கன்ட்ரிப் போட்டி நவம்பரில் நடக்கும். ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 கிலோமீட்டர். ஒன்பது மண்டலங்களிலிருந்து 31 அணிகளும் 38 தனி வீரர்களும் வருவார்கள். தனி வீரர்களின் இடங்கள் அணிக் கணக்கில் நீக்கப்படும்.

நெடுந்தூர ஓட்டக்காரரின் பயன் இதோடு முடிவதில்லை. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி, டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ளரங்கு டிராக், பிறகு ஜூன் வரை வெளி டிராக் என்று ஒரே ஆள் மூன்று பருவங்களிலும் அணிக்குப் புள்ளி சேர்க்கிறார். டிராக்கில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. ஒரு கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் கூட்டமைப்பு) போட்டியில் வியாழனன்று 10,000 மீட்டரையும் சனிக்கிழமை 5,000 மீட்டரையும் வெல்பவர் தனியாளாக 20 புள்ளி தருகிறார். ஒரு குண்டு எறிபவரோ உயரம் தாண்டுபவரோ ஒரு பருவத்தில் தருவதைவிட இது அதிகமாக இருக்கக்கூடும். ஓர் உதவித்தொகைக்கு மூன்று பருவப் புள்ளி என்பது கோச்சுக்கு லாபம். ஓட்டக்காரருக்கு அது என்ன செய்யும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இதெல்லாம் புதிதாக வந்ததல்ல. அயர்லாந்தின் ரான் டெலனி வில்லனோவா பல்கலைக்கழக மாணவராக இருந்தபடியே 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். அதன் பின் பல பத்தாண்டுகள் ஐரிஷ் இளைஞர்கள் அந்தக் கல்லூரியை நோக்கிப் போனார்கள். 1970களில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜான் சாப்ளின் கென்ய வீரர்களைச் சேர்த்தார். அவர்களில் ஹென்றி ரோனோ 1978 ஏப்ரல் 8 முதல் ஜூன் 27 வரையிலான 81 நாட்களில் 5,000 மீட்டர், 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டும் ஓட்டம்), 10,000 மீட்டர், 3,000 மீட்டர் என நான்கு உலகச் சாதனைகளை முறியடித்தார். எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 1981 தேசியக் கிராஸ் கன்ட்ரியில் வெறும் 17 புள்ளியில் வென்றது. அந்த அணியின் பலம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓட்டக்காரர்கள். அண்மையில் அலபாமா பல்கலைக்கழகத்துக்காக ஓடிய கென்யாவின் டோரிஸ் லெம்ங்கோலே 2024இல் கிராஸ் கன்ட்ரிப் பட்டம் வென்றார். 2025 ஜூனில் ஸ்டீபிள்சேஸை 8:58.15இல் ஓடி, கல்லூரி வீராங்கனைகளில் 9 நிமிடத்துக்குள் முடித்த முதல் ஆளானார்.

எதிர்ப்பும் அதே அளவு பழையது. உள்ளூர்ப் பிள்ளைகளின் இடத்தை வயதில் மூத்த வெளிநாட்டவர் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிநாட்டவருக்கு மட்டும் பொருந்தும்படி என்சிஏஏ வைத்திருந்த ஒரு விதியை, ஹோவர்ட் பல்கலைக்கழக வழக்கில் 1975இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால் இன்றைய விதிகள் குடியுரிமையைக் கேட்பதில்லை, பள்ளிப் படிப்பு முடிந்த தேதியைக் கேட்கின்றன. வயது பற்றிய கவலையில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறோம். 18 வயதில் பள்ளி முடித்து வருபவரும், 23 வயதுவரை சாலை ஓட்டங்களில் ஓடிவிட்டு வருபவரும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்பது சரியல்ல. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியது தேதி விதி. பாஸ்போர்ட்டின் நிறத்தை வைத்து அதைத் தீர்க்கக்கூடாது.

பணம் எங்கிருந்து வருகிறது

பல ஆண்டுகளாக முதல் பிரிவில் டிராக், கிராஸ் கன்ட்ரி இரண்டுக்கும் சேர்த்து ஆண்கள் அணிக்கு 12.6 முழு உதவித்தொகை, பெண்கள் அணிக்கு 18 என்பதே உச்சவரம்பு. ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் இதற்குள் அடக்கம். முழு உதவித்தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவருக்கு 40 சதவீதம், இன்னொருவருக்கு வெறும் புத்தகச் செலவு. பெண்கள் அணிக்கு எண்ணிக்கை கூடுதல் என்பதால் பெண்களுக்கு முழுத்தொகை கிடைப்பது சற்று எளிதாக இருந்துவந்தது.

வீரர்கள் என்சிஏஏ மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு கணக்கு மாறியது. அந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கையில் வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக அணியில் எத்தனை பேர் என்பதில் வரம்பு வந்தது. கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர், டிராக்குக்கு 45 பேர். சேராத கல்லூரிகளில் பழைய வரம்பே தொடர்கிறது. உங்களை அழைக்கும் கல்லூரி எந்தப் பக்கம் என்று முதல் உரையாடலிலேயே கேளுங்கள். அணியின் இடங்கள் எண்ணப்பட்டுவிட்டதால், மெதுவாக வளரும் ஒருவருக்காக மூன்றாண்டு காத்திருக்கும் பொறுமை கோச்சுகளிடம் குறைந்துவருகிறது. வந்தவுடன் புள்ளி தருபவரைத் தேடுகிறார்கள். வெளிநாட்டுச் சேர்க்கை சூடுபிடித்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோச் எதைப் பார்க்கிறார்

முதலில் நேரம். முன்னணி முதல் பிரிவு அணி வெளிநாட்டவர் ஒருவருக்கு முழுத்தொகை தர, ஆண்களில் 5,000 மீட்டர் 13:50க்குள், பெண்களில் 15:50க்குள் என்பது ஏறத்தாழ நடைமுறை. இது எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்பட்டதல்ல. ஒவ்வோர் ஆண்டும் இறுகிக்கொண்டும் வருகிறது. நடுத்தர அணிகளில் ஆண்களுக்கு 14:30, பெண்களுக்கு 17:00 அளவிலும் பேச்சு தொடங்கும். ஆனால் தொகை பகுதியாகவே இருக்கும். ஸ்டீபிள்சேஸ் ஓடுபவர் குறைவு என்பதால் அதில் நல்ல நேரம் வைத்திருப்பவருக்குக் கூடுதல் மதிப்பு.

நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் எல்டோரெட்டில் ஓடிய 14:30, கடல்மட்டத்தில் 14 நிமிடத்துக்குள் வரக்கூடியது. ஏறத்தாழ அதே உயரம் கொண்ட ஊட்டியில் ஓடினாலும் இதே கணக்குத்தான். கல்லூரிப் போட்டிகளுக்கு என்சிஏஏவே 3,000 அடிக்கு மேலுள்ள மைதானங்களுக்கு நேரத் திருத்த அட்டவணை வைத்திருக்கிறது. சேர்க்கையில் கோச் தன் அனுபவத்தால் அதைச் செய்கிறார். கைக்கடிகாரத்தில் எடுத்த நேரம் நெடுந்தூரத்தில் பெரிய குறையல்ல, அரை நொடிகூட மாறாது. சந்தேகம் வருவது வேறு இடத்தில். பன்னிரண்டரைச் சுற்றுக்குப் பதில் பதினொன்றரைச் சுற்றில் நிறுத்திய பந்தயங்கள் உண்டு. முடிவுப் பட்டியலே வெளியாகாத மாவட்டப் போட்டிகளும் உண்டு. இணையத்தில் முழு முடிவும் இருக்கும் மாநில, தேசியப் போட்டி ஒன்றில் ஓடிய நேரம், யாரும் சரிபார்க்க முடியாத வேகமான நேரத்தைவிட மேலானது.

பிறகு வளர்ச்சிக் கோடு. 16 வயதில் 15:10, 17இல் 14:40, 18இல் 14:15 என்று இறங்கி வருபவர், 17 வயதிலேயே 14:10 ஓடி அங்கேயே நின்றுவிட்டவரைவிட விரும்பப்படுகிறார். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடி இந்த நேரம் வந்தது என்றும் கேட்பார்கள். வாரம் 70 கிலோமீட்டரில் 14:20 ஓடியவரிடம் வளர இடம் இருக்கிறது. 160 கிலோமீட்டரில் ஓடியவரிடம் அது குறைவு. அதனால் பயிற்சி அளவைக் கூட்டிச் சொல்லிப் பெருமைப்படுவது உங்களுக்கே எதிராக முடியும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். பிறந்த தேதி, பன்னிரண்டாம் வகுப்பு முடியும் மாதமும் ஆண்டும், 1500, 3000, 5000 மீட்டர் சிறந்த நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி, ஊர், முடிவுப் பட்டியலின் இணைப்பு, 9 முதல் 12 வரை மதிப்பெண்கள், ஆங்கிலத் தேர்வு எழுதியிருந்தால் அதன் மதிப்பெண், குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற நேர்மையான தொகை. கடைசிச் சுற்று தெரியும்படி ஒரு பந்தய வீடியோ. இவ்வளவு போதும். வாழ்க்கைக் கனவைப் பற்றிய மூன்று பத்திகளை யாரும் படிப்பதில்லை. முதல் பிரிவுக் கோச் ஒருவர், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன் உங்களுக்குப் பதில் எழுத விதி இடம் தராது. அதற்கு முன் எழுதிவிட்டுப் பதில் இல்லையே என்று சோர வேண்டாம்.

இடைத்தரகர்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரிகளுக்கு உங்கள் விவரத்தை அனுப்பித்தரும் நிறுவனத்துக்கு நிலையான கட்டணம் கொடுப்பது தவறல்ல. ஆனால் கிடைக்கும் உதவித்தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதை என்சிஏஏ விதி தடுக்கிறது. அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டால் தகுதியையே இழக்கலாம். சதவீதம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

நல்ல கால்கள் இருந்தும் கனவு உடைவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் பிரிவில் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக் கடிகாரம் ஓடும். அதற்குள் ஒவ்வொரு விளையாட்டிலும் நான்கு பருவங்கள் போட்டியிடலாம். காயம்பட்ட ஆண்டில் ஓடாமல் இருந்து அந்தப் பருவத்தைச் சேமிக்கும் வழக்கத்தை ரெட்ஷர்ட் என்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, சொந்த நாட்டுக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தாலும் இந்தக் கடிகாரம் தொடங்கிவிடும் என்பது. சென்னையிலோ நைரோபியிலோ இளங்கலை இரண்டாண்டு படித்துவிட்டு விண்ணப்பித்தால், மிஞ்சுவது மூன்றாண்டுதான்.

கல்லூரியில் சேராமல் இருந்தாலும் தப்பிக்க முடியாது. டிராக்கிலும் கிராஸ் கன்ட்ரியிலும் பள்ளி முடித்த பின் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. அதன் பிறகு ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டிகளில் ஓடினால், அப்படி ஓடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பருவம் கழியும். அதோடு கல்லூரியில் முதல் ஆண்டு போட்டியிடாமல் இருக்கவும் நேரிடும். 2023 மேயில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் 2024 ஆகஸ்டுக்குள் சேர்ந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அவரே 2026 ஆகஸ்டில் சேர்ந்தால், இடையில் ஓடிய மாநிலப் போட்டிகளும் பரிசு மாரத்தான்களும் இரண்டு பருவங்களைத் தின்றிருக்கும். நான்கு பருவம் ஓடக்கூடியவருக்கும் இரண்டு பருவம் ஓடக்கூடியவருக்கும் கோச் ஒரே தொகை தரமாட்டார். பன்னிரண்டாம் வகுப்பை மறுபடி எழுதினாலும், முதலில் முடித்திருக்க வேண்டிய தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

இந்த விதிகள் இப்போது நீதிமன்ற வழக்குகளாலும் புதிய முன்மொழிவுகளாலும் அடிக்கடி அசைகின்றன. நீங்கள் சேரப்போகும் கல்வியாண்டுக்கு எது பொருந்தும் என்பதைக் கல்லூரியின் விதி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோச் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

அடுத்தது படிப்பு. முதல் பிரிவுக்கு 9ஆம் வகுப்பிலிருந்து 16 முதன்மைப் பாடங்கள் கணக்கில் வேண்டும். ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலிருந்து கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மேற்கண்டவற்றிலிருந்தோ மொழி முதலியவற்றிலிருந்தோ 4. இவற்றில் சராசரி, நான்கு புள்ளி அளவில் குறைந்தது 2.3 இருக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. சாட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை என்சிஏஏ 2023இல் நீக்கிவிட்டது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சேர்க்கைக்காக இன்னும் கேட்கின்றன. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிடுகிறார்கள். அது பள்ளி முத்திரையோடு வேண்டும். பள்ளி மாறியவர்கள் முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது.

மூன்றாவது, தொழில்முறைக் கேள்வி. ஏஜென்டோடு ஒப்பந்தம், ஷூ நிறுவனத்தோடு சம்பள ஒப்பந்தம், செலவுக்கு மேல் போகும் பரிசுப் பணம் ஆகியவை எல்லாமே விசாரிக்கப்படும். இந்தியாவில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலைக்குச் சேர்ந்து ஓடியவர்கள் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தச் சம்பளம் விளையாட்டுக்கானதா என்ற கேள்வி வரும். மறைத்தது பின்னால் தெரிந்தால் வீரரின் தகுதி போவதோடு அணியின் வெற்றிகளும் ரத்தாகலாம். எல்லாப் பந்தயங்களையும், வாங்கிய தொகையையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கும் பழக்கம் இங்கே காப்பாற்றும்.

கடிதம், விசா, வரி

தேசிய ஒப்புதல் கடிதம் என்று முன்பு ஒன்று இருந்தது. 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எடைபோட வேண்டியது கல்லூரி தரும் உதவித்தொகை ஒப்பந்தத்தைத்தான். அதில் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். பல ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கே. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் எவை அடக்கம்? கோடையில் வளாகத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தால் யார் பணம் கட்டுவது? விமானக் கட்டணம் யாருடையது? ‘முழு ஸ்காலர்ஷிப்’ என்ற சொல்லை நம்பிப் போய், கட்டாய மருத்துவக் காப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

சேர்க்கை உறுதியானதும் கல்லூரி ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். அதை வைத்து 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் கட்டி, எஃப்-1 மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. கிராஸ் கன்ட்ரி முகாம் வகுப்புகளுக்கு முன்பே, ஆகஸ்ட் முதல் பாதியில் தொடங்கும். எனவே முகாம் தேதியைக் கணக்கில் கொண்ட ஐ-20 வேண்டும் என்று முன்பே கேளுங்கள். நேர்காணலுக்கான இடங்கள் மே, ஜூனில் நிரம்பிவிடும். செப்டம்பரில் வந்து சேர்பவருக்கு முதல் கிராஸ் கன்ட்ரிப் பருவம் கையை விட்டுப் போனதுபோலத்தான்.

விசா நிலைக்காக ஒவ்வொரு செமஸ்டரிலும் இளங்கலை மாணவர் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். விளையாட்டு சோர்வு தருகிறது என்று ஒரு பாடத்தை விட்டு 11 கிரெடிட்டில் நின்றால், அணியில் இடத்தோடு விசாவும் ஆபத்தில் விழும். பாடத்தை விடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்பதே சரி. வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம் வேலை செய்யலாம். உடன் ஓடும் அமெரிக்க வீரர்கள் விளம்பர ஒப்பந்தங்களில் பணம் பெறுவதைப் பார்த்து நீங்களும் இன்ஸ்டாகிராமில் ஷூ விளம்பரம் செய்யக்கூடாது. அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படலாம்.

வரியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கல்விக் கட்டணத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் தரப்படும் தொகைக்கு வரி கிடையாது. விடுதிக்கும் உணவுக்கும் தரப்படும் பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். விடுதியும் உணவும் ஆண்டுக்கு 14,000 டாலர் என்றால் 1,960 டாலர் உங்கள் கணக்கில் கடனாக ஏறும். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவு கோரும் உரிமை உண்டு. அடுத்த ஆண்டு வரிப் படிவம் தாக்கல் செய்து பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். படிவமே தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

போன பிறகு: பயிற்சியும் முதல் ஆண்டும்

பருவம் நடக்கும்போது கோச் உங்களிடம் வாரத்துக்கு 20 மணிநேரம், நாளுக்கு 4 மணிநேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும் தர வேண்டும். ஓட்டக்காரருக்கு இந்த வரம்பு இறுக்கமானதல்ல. முதலாண்டு ஆண் வீரருக்கு வாரம் 100 முதல் 120 கிலோமீட்டர், மூத்தவர்களுக்கு 140, 150 என்பது பல அணிகளின் பழக்கம்.

ஒரு வாரம் ஏறத்தாழ இப்படி அமையும். செவ்வாயன்று த்ரெஷோல்ட் (நீண்ட நேரம் தாங்கக்கூடிய கடின வேகம்): 1.6 கிலோமீட்டர் வீதம் ஐந்தாறு முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. 5,000 மீட்டரை 14:00இல் ஓடுபவருக்கு இதன் வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடத்தை ஒட்டி இருக்கும். இப்போது பல அணிகளில் காதுமடலில் ஒரு துளி ரத்தம் எடுத்து, கடின உழைப்பில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டை அளக்கிறார்கள். அளவு ஏறினால் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். வெள்ளியன்று மேட்டு ஓட்டம் அல்லது 1,000 மீட்டர் வீதம் ஆறு முறை பந்தய வேகத்தில். ஞாயிறு 22 முதல் 26 கிலோமீட்டர். ஓய்வு நாள் தவிர மற்ற நாட்களில் எளிய ஓட்டம், கிலோமீட்டருக்கு 4:15 முதல் 4:45 வரை. அந்த எளிய நாட்களில்தான் புதியவர்கள் கெட்டுப்போகிறார்கள். இருபது பேர் ஒன்றாக ஓடும்போது யாரோ ஒருவர் 3:50க்கு இழுப்பார். மற்றவர்கள் விடமாட்டார்கள். நல்ல கோச் இதைக் கண்டவுடன் குழுவைப் பிரித்துவிடுவார்.

முதல் ஆண்டில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைகள் சில. முதலில் இரும்புச்சத்து. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு ரத்தப் பரிசோதனையில் 30க்குக் கீழே இறங்கிவிட்டால் த்ரெஷோல்ட் ஓட்டத்தில் கால் கனக்கும், நேரம் இறங்காது, தூக்கமும் கெடும். பெண்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் இது அதிகம். உயர்ந்த மலைப்பகுதிக்குப் போகும்போது உடலுக்கு இரும்பு இன்னும் கூடுதலாகத் தேவை. 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃபில் படிக்கப் போகிறவர் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

அடுத்தது எலும்பு. கல்லூரி உணவகத்தின் சாப்பாடு பிடிக்காமல் குறைவாகச் சாப்பிட்டு, ஓட்டத்தைக் கூட்டினால், ஆறு முதல் பத்து வாரத்துக்குள் கீழ்க்காலிலோ பாதத்திலோ அழுத்த முறிவு வரக்கூடும். மாதவிடாய் நின்றுபோவது ‘நல்ல பயிற்சியின் அடையாளம்’ என்று சொல்லும் கோச்சிடமிருந்து விலகுங்கள். உடலுக்குப் போதுமான சக்தி கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே தெளிவான எச்சரிக்கை. குளிர்கால உள்ளரங்கு டிராக் பெரும்பாலும் 200 மீட்டர்ச் சுற்று, பல இடங்களில் வளைவுகள் சாய்வானவை. மண்பாதையில் வளர்ந்த கால்களுக்கு அதில் முதல் மாதம் ஆடுதசையும் இடுப்பும் வலிக்கும். அதே வகைத் தளத்தில்தான், பாஸ்டன் பல்கலைக்கழக உள்ளரங்கில், 2025 பிப்ரவரியில் இந்தியாவின் குல்வீர் சிங் 5,000 மீட்டரை 12:59.77இல் ஓடினார். பழகிய காலுக்கு அது வேகமான தளம்.

எல்லாவற்றுக்கும் மேலே, அளவுக்கு மிஞ்சிய பந்தயம். மூன்று பருவம், ஒரு கான்ஃபரன்ஸ் போட்டியில் இரண்டு ஓட்டம், பிறகு மண்டலச் சுற்று, பிறகு தேசியம். புள்ளிக் கணக்கு கோச்சை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். செப்டம்பரில் மின்னி, மார்ச்சில் சோர்ந்து, மே மாதம் காணாமல் போகும் வெளிநாட்டு வீரர்களின் கதை இந்த இழுப்பிலிருந்து பிறக்கிறது. திறமையான கோச் ஆண்டுக்கு ஒரு பருவத்தையாவது இலகுவாக விடுவார். உங்களை அழைப்பவர் அப்படிப்பட்டவரா என்று அறிய ஒரு வழி உண்டு. அந்த அணியில் நான்காண்டுக்கு முன் சேர்ந்த வெளிநாட்டவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள், எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், முதலாண்டு நேரத்தைவிட நான்காமாண்டு நேரம் குறைந்ததா என்று முடிவுப் பட்டியல்களில் தேடுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். அணியைவிட்டு வேறு கல்லூரிக்கு மாறிப்போனவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசினால் இன்னும் நல்லது.

கோச் மாறிவிடலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1995 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மார்க் வெட்மோரின் காலம்கூட 2024இல் முடிந்தது. ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு. அந்த ஊரும் அந்தப் படிப்பும் கோச் இல்லாமலும் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்வது பயனுள்ள சோதனை.

நேர்வழி மூடியிருந்தால்

முதல் பிரிவு மட்டுமே வழி அல்ல. இரண்டாம் பிரிவில் கொலராடோவின் அலமோசாவில் உள்ள ஆடம்ஸ் ஸ்டேட், ஜோ விஜில் பயிற்சியில் 1992இல் தேசியப் போட்டியில் 15 புள்ளி எடுத்தது. ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்கள். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகள் இன்னொரு வாசல். டெக்சஸின் சவுத் பிளெய்ன்ஸ் போன்ற கல்லூரிகளில் கென்ய வீரர்கள் நிறையப் பேர் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளி மதிப்பெண்ணோ பாடப் பட்டியலோ முதல் பிரிவுக்குப் போதாதவர், இங்கே இரண்டாண்டு படித்து, ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு, பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். செலவும் குறைவு. கடிகாரம் அங்கேயும் ஓடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து இந்தப் பாதையில் போனவர்கள் நெடுந்தூரத்தைவிட மற்றப் பிரிவுகளில்தான் அதிகம். யாழ்ப்பாணத்து உயரம் தாண்டும் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் வென்றவர் அவர். டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட்டுக்காக 2018லும் 2022லும் என்சிஏஏ உயரம் தாண்டல் பட்டம் வென்றார். நெடுந்தூரத்தில் நம் பிள்ளைகள் குறைவாக இருப்பதற்குக் கால்களின் குறை மட்டும் காரணமல்ல. இங்கே நல்ல ஓட்டக்காரர் பள்ளி முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை எதிர்பார்த்து இரண்டு மூன்று ஆண்டு ஓடுகிறார். அதற்குள் சலுகைக் காலம் முடிந்துவிடுகிறது. எனவே எண்ணம் இருந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் மதிப்பெண் பட்டியல்களைச் சேர்த்து, முடிவு வெளியாகும் போட்டிகளில் இரண்டையாவது ஓடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போது என்சிஏஏ தகுதி மையத்தில் கணக்கு திறங்கள். ஆங்கிலத் தேர்வை அக்டோபருக்குள் எழுதுங்கள். டிசம்பருக்குள் இருபது கல்லூரிகளுக்காவது, ஒவ்வொன்றின் ஐந்தாவது ஆள் எங்கே வந்தார் என்று பார்த்தபின், தனித்தனியாக எழுதுங்கள்.